ஓரியின் அம்பும் ஒரு கூறு கறியும்

ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. அரசு எடுக்கும் விழா. சிலைக்கு மாலை போடுவார்கள். கண்காட்சியும் கலைநிகழ்ச்சிகளும் இருக்கும். மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் சொல்வார்கள். ஓரி எய்த ஒற்றை அம்பு யானையை வீழ்த்தியது, புலியைக் கொன்றது, மானை உருட்டியது, பன்றியைச் சாய்த்தது, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது. கூட்டம் கைதட்டும். நானும் ஒருமுறை அந்தக் கூட்டத்தில் நின்று கைதட்டியிருக்கிறேன்.

செய்தி தவறில்லை. புறநானூற்றின் 152ஆம் பாட்டு அப்படித்தான் தொடங்குகிறது. பாடியவர் வன்பரணர். ஆனால் முப்பது அடிக்கு மேல் நீளும் அந்தப் பாட்டில் அம்பின் பயணம் ஆறேழு அடிக்குள் முடிந்துவிடுகிறது. மீதி முழுவதும் வேறொரு விஷயத்தைப் பற்றியது. அந்த மீதியை நாம் படிக்காமல் விட்டுவிட்டோம் என்பதும், அப்படி விட்டதற்கும் நமது சமவெளியில் மான் இல்லாமல் போனதற்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதும்தான் இங்கே நான் சொல்ல விரும்புவது. இரண்டாவதைச் சொல்ல என் குடும்பக் கதை ஒன்றை எடுத்தாக வேண்டும். பெருமைப்படும்படியான கதை அல்ல.

முதலில் பாட்டு. காட்டு வழியில் பசியோடு வரும் பாணர் கூட்டம் ஒரு வேடனைப் பார்க்கிறது. யாரென்று தெரியவில்லை. கொலைத்தொழில் செய்து பிழைக்கிறவன் போலத் தோன்றவில்லை, செல்வக்களை இருக்கிறது, மார்பில் ஆரம் கிடக்கிறது. இவன் ஓரிதானா, வேறு எவனுமா என்று பாணன் தனக்குள் ஐயப்படுகிறான். விறலியரைப் பாடச் சொல்கிறான். இசைக்கருவிகளை எடுத்து முறைப்படி பாடி, இறுதியில் ‘கோ’ என்று விளிக்கிறார்கள். தன் பெயரைச் சொல்லக் கேட்டதும் வேடன் நாணுகிறான். உன்னைப் போன்ற வேட்டுவனை எந்த நாட்டிலும் கண்டதில்லை என்று தொடங்குகிறார்கள். தாங்கள் வேண்டி வந்ததைச் சொல்லக்கூட அவன் அவர்களை விடவில்லை. தான் வேட்டையாடிய மானின் கொழுத்த இறைச்சியைக் கொடுத்தான். உருக்கிய நெய் போன்ற மதுவைக் கொடுத்தான். தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்தான். அரண்மனை முற்றத்தில் அல்ல, நடுக்காட்டில்.

இதே வன்பரணர் 150ஆம் பாட்டில் இன்னொரு வேடனைக் காட்டுகிறார். அங்கே பாணன் தனியாக ஒரு பலாமரத்தடியில் சோர்ந்து கிடக்கிறான், உடுத்தியிருப்பது கந்தல். மான் கூட்டத்தை வேட்டையாடிய குருதி காலில் காயாமல் ஒரு தலைவன் வருகிறான். தன்னுடன் வேட்டைக்கு வந்த இளைஞர்கள் வந்து சேர்வதற்கு முன்பே தானே தீ மூட்டி, இறைச்சியைச் சுட்டு, உண்ணச் சொல்கிறான். பசி தீர்ந்து அருவி நீர் குடித்து விடைபெறும்போது மார்பு மாலையையும் கைக்கடகத்தையும் கழற்றித் தருகிறான். எந்த நாடு என்று கேட்டால் நாட்டைச் சொல்லவில்லை. யார் என்று கேட்டால் பெயரைச் சொல்லவில்லை. அவன் தோட்டிமலைத் தலைவன் கண்டீரக் கோப்பெருநள்ளி என்பதை வழியில் பிறர் சொல்லித்தான் பாணன் அறிகிறான்.

ஒரே புலவர், இரண்டு வேட்டுவர்கள், இரண்டு இடத்திலும் மான்கறி, இரண்டு இடத்திலும் பெயர் மறைவு. இது தற்செயலாக இருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. வேட்டை ஒருவனுக்குப் பெயர் தரும் தொழில் என்பது வன்பரணருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கொன்ற கையோடு கறியைப் பகிர்ந்துவிட்டுப் பெயரை விழுங்கிக்கொள்கிறவனை அவர் பெரியவனாகப் பாடுகிறார். அம்பு ஐந்து உயிரைத் துளைத்தது என்பது கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைப்பதற்கான தொடக்கம். பாட்டின் உயிர் அந்த நாணத்தில் இருக்கிறது. நாம் அம்பைச் சிலையாக்கினோம். நாணத்தைச் சிலையாக வடிக்க முடியாதுதான், உரையிலாவது சொல்லியிருக்கலாம்.

இனி என் கதை. 1969ஆம் ஆண்டு தை, மாசி மாதங்கள். எனக்குப் பதின்மூன்று வயது. கொல்லிமலையின் அடிவாரத்தில், சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி போகும் பக்கம், என் தாய்மாமனுக்கு நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் காடு இருந்தது. மழைக்காட்டு விவசாயத்தை எங்கள் பக்கத்தில் ‘காடு’ என்றுதான் சொல்வோம். பயிர்க்காவலுக்கென்று உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று மாமாவிடம் இருந்தது. காவல் பன்றிக்கு, ஆசை மானுக்கு. உரிமத்தில் ஆசைக்கு இடமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வழிகாட்ட மலையிலிருந்து ஒருவர் இறங்கி வருவார். நாற்பது வயது இருக்கலாம். கறுத்து மெலிந்த உடம்பு, தோளில் ஒரு துண்டு, இடுப்பில் அரிவாள். அவரிடமும் ஒரு துப்பாக்கி உண்டு. குழலுக்குள் கருமருந்து இடித்து நிரப்பும் நாட்டுத்துப்பாக்கி. அதற்கு உரிமம் கிடையாது. வீட்டில் எல்லோரும் அவரை ‘மலைக்காரர்’ என்றே சொன்னோம். அவர் மாமாவை ‘கவுண்டரே’ என்பார். என்னைத் ‘தம்பி’ என்பார்.

அந்த இரண்டு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை போயிருப்போம். இரண்டே மான்தான் விழுந்தன. வேட்டை என்றால் ஓட்டம், துரத்தல், கூச்சல் என்று படக்கதைகளில் படித்துவிட்டுப் போனவன் நான். உண்மையில் அது உட்கார்ந்திருப்பது. விடியலுக்கு முன் நெல்லிமரங்கள் நிற்கும் சரிவுக்குப் போய் ஒரு பாறையின் மறைவில் அமர்வோம். உதிர்ந்த நெல்லிக்காயைத் தின்ன மான் வரும். மலைக்காரர் ஒரு சிட்டிகைப் புழுதியை எடுத்து விரல் நுனியிலிருந்து உதிர்ப்பார். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் நமது வாடை போகிறது என்று பொருள். சாய்வு மாறினால் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து இடம் மாறுவார். சிலநாள் மூன்று முறை மாறிவிட்டு, வெயில் ஏறியதும் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறோம்.

அவரிடமிருந்து நான் கற்றவற்றில் பாதியை இன்று எந்த நூலிலும் தேடிப் படித்துக்கொள்ளலாம். கேளையாடு நாய் போலக் குரைத்தால் ஏதோ நடமாடுகிறது என்று பொருள். குரங்குகள் மேயும் மரத்தடிக்குப் புள்ளிமான் வரும். மேலிருந்து தழையும் காயும் விழும், காவலும் கிடைக்கும். குளம்புத் தடத்தின் விளிம்பு நொறுங்கியிருந்தால் பழையது, கூர்மையாக இருந்தால் இன்றையது. நூலில் கிடைக்காதவை அவருடைய விலக்குகள். குட்டியோடு நிற்பதைச் சுடமாட்டார். ஒரே சரிவில் அடுத்தடுத்து இரண்டு மான் எடுக்கமாட்டார். இவை இரண்டையும் விட முக்கியமானது ஒன்று: “தண்ணிக்கு வந்ததச் சுடக்கூடாதுங்க கவுண்டரே. அது நம்மூட்டுத் திண்ணையில வந்து குந்தின மாதிரி.”

முதல் மான் தை மாதக் கடைசியில் விழுந்தது. கொம்பு முற்றிய கலைமான். மாமா சுட்ட குண்டு பாறையில் பட்டுத் தெறித்தது. கலைந்து ஓடத் திரும்பியதை மலைக்காரரின் நாட்டுத்துப்பாக்கிதான் வீழ்த்தியது. இதைக் கண்ணால் பார்த்தவர்கள் மூன்று பேர். அன்று இரவு களத்தில் கறியைக் கூறு போட்டார் மலைக்காரர். சுட்ட துப்பாக்கிக்கு ஒரு கூறு, தடம் பார்த்தவனுக்கு ஒரு கூறு, சுமந்தவனுக்கு ஒரு கூறு, நாய்க்கு ஒரு பங்கு என்று அவருக்குக் கணக்கு இருந்தது. சும்மா கூட வந்த எனக்கும் தேக்கிலையில் ஒரு சிறு கூறு வைத்தார். தராசு இல்லை, கூறுகள் ஒன்றுக்கொன்று எடை மாறாமல் இருந்தன. மறுநாள் ஒரு தொடை ஓர் அதிகாரியின் வீட்டுக்குப் போனது. எந்தத் துறை, யார் என்பதெல்லாம் இங்கே வேண்டியதில்லை.

ஊரில் அது ‘மாமா சுட்ட மான்’ ஆயிற்று. காரணம் சொல்லப்பட்டது: நாட்டுத்துப்பாக்கி என்று வெளியே தெரிந்தால் மலைக்காரருக்குத்தான் ஆபத்து. அது உண்மைதான். ஆனால் அந்த உண்மை எங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொம்பைப் பாடம் செய்து திண்ணைச் சுவரில் மாட்டினார் மாமா. வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். முதலில் தயங்கிச் சொன்ன கதையை ஒரு வாரத்தில் தயங்காமல் சொல்லக் கற்றுக்கொண்டார்.

இரண்டாவது மான் மாசியில். ஓடையில் நீர் வற்றி ஒரே ஒரு குட்டை மட்டும் எஞ்சியிருந்தது. அந்தி நேரம், வேறு வேலையாக அந்தப் பக்கம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். நான்கைந்து மான்கள் நீரில் வாய் வைத்து நின்றன. மலைக்காரர் கையைப் பக்கவாட்டில் நீட்டித் தடுத்தார். மாமா அந்தக் கைக்கு மேலாகச் சுட்டார். விழுந்தது ஒரு பெண்மான். மலைக்காரர் எதுவும் பேசவில்லை. அதன் அருகே போய்ச் சற்று நேரம் நின்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தார். கறி கூறுபோட அவர் இல்லை. நாங்களே வெட்டினோம். கூறுகள் சமமாக வரவில்லை என்று களத்தில் சண்டை வந்தது.

மறுநாள் காலையில் மாமாவுக்கு மனம் கேட்கவில்லை. நல்ல கறியாக ஒரு பங்கு எடுத்துத் தேக்கிலையில் கட்டி என்னிடம் கொடுத்தார். “மலைக்காரர் வீட்ல குடுத்துட்டு வா கண்ணு” என்றார். ஏறுபாதையில் இரண்டு மணி நேரம் நடந்தேன். முதல் ஊரின் எல்லையில் ஓர் அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். “யார் ஊட்டுக்குப் போவணும்?” என்று கேட்டார். “மலைக்காரர் வீட்டுக்கு” என்றேன். அவர் முறத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “இங்க எல்லாரும் மலைக்காரங்கதான். பேரு என்ன?”

எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் அவர் கையிலிருந்து வாங்கித் தின்றிருக்கிறேன், பெயரைக் கேட்டதில்லை. அடுத்த ஊரிலும் அதே கேள்வி. எலும்பும் தோலுமாக இருப்பார், துப்பாக்கி வைத்திருப்பார் என்று சொல்லவும் பயம். கறியை அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன். மாமாவுக்கும் பெயர் தெரியாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அதன்பின் எங்கள் பக்கம் வரவேயில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் நண்பர் ஒருவர் கேட்டார்: அந்தப் பெண்மானுக்காக அழுதீர்களா? இல்லை. திரும்பிவந்த அந்தக் கறியையும் மதியம் சமைத்தார்கள். நானும் ருசித்துத்தான் தின்றேன். வேட்டையைப் பற்றிய நமது எழுத்தில் இரண்டே குரல்கள் கேட்கின்றன. ஒன்று வீரம், மற்றது கண்ணீர். இரண்டிலும் எழுதுகிறவர் அழகாகத் தெரிவார். நான் அந்தப் பருவத்தில் கற்றது இரண்டிலும் அடங்காத ஒன்று. கறி வந்த வழியை மறைத்துவிட்டுக் கறியைத் தின்பதுதான் குற்றம் என்பது அது. கற்றுக்கொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

ஆங்கிலத்தில் வேட்டை நூல்களைப் படித்தவர்களுக்குக் கென்னத் ஆண்டர்சனைத் தெரிந்திருக்கும். 1954இல் வந்த அவருடைய முதல் நூலில் ஜவளகிரியும் கும்மளாபுரமும் வருகின்றன. பின்னால் வந்த இன்னொரு நூலின் தலைப்பிலேயே சிவனிப்பள்ளி இருக்கிறது. அவர் எழுதிய காலத்தில் இவையெல்லாம் சேலம் மாவட்டம். 1965இல் தருமபுரி பிரிந்து, 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரியும் பிரிந்தது. ஆண்டர்சன் துரையின் மிடுக்கோடு எழுதியவர்தான். ஆனால் பென்னாகரம் பக்கத்துக் காட்டில் திருட்டு வேட்டையாடிப் பிழைத்த பைரா என்ற பூசாரியைத் தன் ஆசானாகவும் நண்பராகவும் பெயர் சொல்லி எழுதினார். அதனால் இன்று பெங்களூரிலும் லண்டனிலும் பைராவின் பெயர் தெரிந்த வாசகர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையில் மாட்டியிருந்த கொம்புக்கு உரியவரின் பெயர் எங்களுக்கே தெரியாது. தமிழ்ப் புனைவிலும் வேட்டையாடி வாழ்கிறவன் நாயகனாக வருவது அரிது. ஈழத்தில் அ. பாலமனோகரன் 1973இல் ‘நிலக்கிளி’யில் வன்னிக்காட்டு இளைஞன் ஒருவனை அப்படி வைத்தார். கொல்லிமலை மக்களின் வாழ்வைக் கு. சின்னப்ப பாரதி ‘சங்கம்’ நாவலில் எழுதினார். அதன் கவனம் அவர்களது உரிமைப் போராட்டத்தில். தடம் பார்த்தவனின் அறிவை எழுதிவைக்க நமக்கு ஏனோ தோன்றவில்லை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடக்கத்தில் அதிலும் வேட்டைக்கு உரிமம் வழங்க இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாசலை அடைத்தது. அடைத்தது சரி. எனக்கு இதில் ஐயமே இல்லை. மீண்டும் வேட்டையைத் திறக்க வேண்டும் என்று யாராவது இந்தக் கட்டுரையைக் காட்டி வாதிட்டால் அது என் கருத்துக்கு நேர் எதிரானது. சமவெளியில் திரிந்த வெளிமானை இன்று பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரைக்கோ வல்லநாட்டுக்கோ கிண்டிக்கோ போக வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் யாருக்கும் எந்தத் துப்பாக்கியும் வேண்டாம்.

என் வருத்தம் வேறு. மானைத் தீர்த்தது யார் என்று கேட்டால் நாம் உடனே மலையைக் கைகாட்டுகிறோம். நாட்டுத்துப்பாக்கியோடு பிடிபட்டவரின் செய்தி நாளிதழில் வருகிறது. தொடை வாங்கித் தின்ற வீட்டின் செய்தி வருவதில்லை. அடிவாரத்துப் புறம்போக்கும் மேய்ச்சல் நிலமும் மரவள்ளிக்காடாக மாறின. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அந்தக் கிழங்கு வேண்டியிருந்தது. ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் ஓடையில் ஈரம் நிற்கும் மாதங்கள் குறைந்தன. கொல்லிமலையிலும் சேர்வராயன் மலையிலும் பாக்சைட் வெட்டினார்கள். கோடையில் தண்ணீர் தேடி இறங்கும் மான் இன்று நாய் துரத்திக் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுகிறது. தண்ணீருக்கு வந்ததைச் சுடக்கூடாது என்றார் அவர். நாம் சுடவில்லை. தண்ணீரையே எடுத்துக்கொண்டோம். இதில் என் மாமாவின் நிலமும் அடக்கம். அதில் விளைந்ததைத் தின்று படித்த நானும் அடக்கம்.

சட்டம் கொல்வதைத் தடுக்கும். எவ்வளவு எடுக்கலாம், எப்போது கை நீட்டக்கூடாது, எடுத்ததை எப்படிப் பங்கிடுவது என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்ததைச் சட்டத்தால் நமக்குக் கற்றுத்தர முடியாது. அவருடைய விலக்குகளை வேட்டைக்காரனின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினோம். வேட்டை போனபின் விலக்குகளும் போயின. நீருக்கும் மண்ணுக்கும் அவை தேவைப்படும் காலம் இப்போதுதான் வந்திருக்கிறது. கொல்லிமலையிலும் கல்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் தடம் பார்க்கத் தெரிந்த கடைசித் தலைமுறை இன்னும் சிலராவது இருக்கிறார்கள். தொல்லெழுத்து ஒன்று கிடைத்தால் படியெடுக்க ஓடுகிற நண்பர்கள், இவர்களிடமும் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு போய் உட்கார வேண்டும் என்பது என் வேண்டுகோள். முதல் பக்கத்தில் பெயரை எழுதிக்கொண்டு தொடங்க வேண்டும்.

வன்பரணரின் வேட்டுவர்கள் கொடுத்துவிட்டுத் தங்கள் பெயரை மறைத்தார்கள். பெற்றுக்கொண்ட பாணன் விடாமல் விசாரித்து அந்தப் பெயரைக் கண்டுபிடித்துப் பாடினான். கொடுத்தவனுக்கு நாணம் அழகு. பெற்றவனுக்குக் கேட்டறிவது கடமை. எங்கள் வீட்டில் இரண்டும் தலைகீழாக நடந்தது. மாமா 1990களில் இறந்துபோனார். திண்ணைச் சுவரில் இருந்த கொம்பைச் சட்டத்துக்குப் பயந்து அதற்கும் வெகுகாலம் முன்பே கழற்றிவிட்டிருந்தார். ஆணி மட்டும் நெடுநாள் இருந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அந்த ஆணியைப் பார்ப்பேன். முறத்தை நிறுத்திவிட்டு அந்த அம்மா கேட்ட கேள்வி நினைவுக்கு வரும். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.